படித்த கையும் இரக்கமுள்ள இருதயமும்



வருகிற பிப்ரவரி 11-ந் தேதி லூர்து மாதாவின் திருநாள். 1992-ம் வருஷத்தில் பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் அந்நாளையே உலக வியாதிக்காரர் தினமாகவும் ஏற்படுத்தினார். அன்று வியாதிக்காரருக்காக வேண்டிக்கொள்ளுவது நம் வழக்கம். இவ்வருஷம் அவர்களோடுகூட இன்னொரு கூட்டத்தாரையும் உங்கள் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அவர்கள் அந்நியரல்ல. நம் வீடுகளிலிருந்து புறப்பட்டுப் போய், இராப்பகலாய் வியாதிக்காரர் படுக்கையருகே நிற்கிற நம் பிள்ளைகளாகிய நர்ஸுகள். அவர்களிலும், சில வருஷம் வேலை பார்த்தபின் மேற்படிப்புக்கு ஆசைப்படுகிறவர்களைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

இது பிரசங்கத்துக்கு உரிய விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், உரியதே. சர்வேசுரன் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த திறமையை எங்கே, யாருக்காகச் செலவிடுவது என்ற கேள்வி இது. அந்தப் பிள்ளையின் வழியை அடைப்பதும் திறப்பதும் பெரும்பாலும் பெற்றோர் கையில் இருக்கிறது. அதனால் இது குடும்பங்களின் மனச்சாட்சியைச் சேர்ந்த விஷயமுங்கூட.

சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது, அறைவீட்டுத் திண்ணையில் ஒரு தாய் காத்திருந்தார். "சாமி, நீங்கள்தான் என் மகளுக்குப் புத்தி சொல்லவேண்டும்" என்று கண் கலங்கினார். மகள் அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷமாய் நர்ஸாக இருக்கிறாள். வயது 31. நல்ல சம்பளம். அவள் திடீரென்று, இன்னும் மூன்று வருஷம் படிக்கப் போகிறேன், வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளப் போகிறேன், இனி மாசாமாசம் முன்போல் பணம் அனுப்ப முடியாது என்று டெலிபோனில் சொல்லிவிட்டாளாம்.

அந்தத் தாய் என்னிடம் மூன்று கேள்வி கேட்டார். "நர்ஸாயிருப்பது போதாதா, சாமி? இந்த வயதில் மறுபடியும் பள்ளிக்கூடம் போவது பேராசை அல்லவா? படித்துப் பெரியவளாகிவிட்டால் இனி வியாதிக்காரரைத் தொடுவாளா, நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாளா?"

இவை நியாயமான கேள்விகள். நம் பங்கில் இன்னும் பல வீடுகளில் இதே கேள்விகள் இருக்கின்றன. ஆகையால் அந்த அம்மாளுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அந்தப் பெண் படிக்க விரும்புவது "நர்ஸ் பிராக்டிஷனர்" என்ற படிப்பு. அது இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வோம்.

1965-ம் வருஷத்தில் அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலையில் லொரெட்டா போர்டு என்ற நர்ஸம்மாளும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். போர்டு அம்மாள் அதற்குமுன் கொலராடோவின் நாட்டுப்புறங்களில் பொதுச் சுகாதார நர்ஸாக வேலை செய்தவர். அப்பக்கங்களில் டாக்டர்கள் அரிது. பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்து, இன்ன நோயென்று அறிந்து, தாய்மாருக்கு வழி சொல்லக்கூடிய அளவுக்கு நர்ஸுகளைப் பயிற்றுவித்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்குமே என்பதே அவருடைய எண்ணம். அதே 1965-ம் வருஷத்தில் அத்தேசத்தில் முதியோருக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்ற சர்க்கார் வைத்தியத் திட்டங்கள் சட்டமாயின. வைத்தியத்தைத் தேடி வருவோர் பெருகினர். பார்க்க டாக்டர்கள் போதவில்லை. குழந்தைகளுக்கென்று தொடங்கிய அந்தப் பயிற்சி சீக்கிரத்தில் பெரியவர்களுக்கும் பரவியது. போர்டு அம்மாள் 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், தமது 104-ம் வயதில் காலமானார். தாம் நட்ட விதை இலட்சக்கணக்கான நர்ஸுகள் வேலை செய்யும் ஒரு பெருந்தொழிலாய் வளர்ந்ததை அவர் கண்ணாரக் கண்டார்.

நர்ஸ் பிராக்டிஷனர் செய்கிற வேலை என்ன? வியாதிக்காரரிடம் உட்கார்ந்து நோயின் வரலாற்றைக் கேட்டு, உடலைச் சோதித்து, இரத்தப் பரிசோதனை முதலானவற்றுக்கு எழுதிக் கொடுத்து, நோயை நிதானித்து, மருந்தும் எழுதிக் கொடுத்து, பிறகு அது வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்த்து வருவது. சாதாரண நர்ஸ் டாக்டரின் உத்தரவைக் கொண்டு செய்கிறவற்றில் பலவற்றை இவர் தம் பொறுப்பிலேயே செய்கிறார். தம்மால் ஆகாததை உரிய டாக்டரிடம் அனுப்புகிறார்.

டாக்டரைப்போல இவர்களால் பார்க்க முடியுமா என்ற சந்தேகம் அங்கேயும் எழுந்தது. நியூயார்க் நகரில் 1,316 வியாதிக்காரரைத் தேர்ந்து, சிலரை டாக்டரிடமும் சிலரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பி, 6 மாதம் கழித்து இரு சாராரின் நலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொல்லத்தக்க பெரிய வித்தியாசம் காணவில்லை என்று 2000-ம் வருஷத்தில் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. டாக்டர் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அன்றாட நோய்களைக் கவனிக்கும் வேலையில், சரியாய்ப் பயின்ற நர்ஸை நம்பலாம் என்பதே அதன் பொருள்.

இனி அந்தத் தாயின் முதற் கேள்விக்கு வருவோம். நர்ஸாயிருப்பது போதாதா?

போதும், அம்மா. நர்ஸின் வேலை குறைந்த வேலையென்று எவனாவது சொன்னால் அவன் ஆஸ்பத்திரியில் ஓர் இரவும் படுத்தவனல்ல. மேற்படிப்பு படிக்காத நர்ஸ் சர்வேசுரன் முன்னிலையில் எவ்விதத்திலும் தாழ்ந்தவளல்ல. ஆனால் இரக்கம் மட்டும் இருந்து அறிவு போதாதபோது என்ன நேரிடுகிறது என்பதைத் திருச்சபையின் சரித்திரமே நமக்குக் காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அப்போது இந்தியாவைச் சேர்ந்திருந்த ராவல்பிண்டியில், கோஷாவிலிருந்த முகமதிய ஸ்திரீகள் ஆண் வைத்தியர் முன் வரமாட்டார்கள். பிரசவத்திலும் நோயிலும் வைத்தியமின்றி மாண்டுபோனார்கள். உதவி செய்ய ஆசையுள்ள கன்னியாஸ்திரீகள் இருந்தார்கள். ஆனால் சபைக் கன்னியர் வைத்தியம் படிப்பதையும் பிரசவம் பார்ப்பதையும் அன்றைய திருச்சபை ஒழுங்கு அனுமதிக்கவில்லை. ஆக்னெஸ் மக்லாரன் என்ற கத்தோலிக்க டாக்டரம்மாள் இதற்காக உரோமாபுரிக்குத் திரும்பத் திரும்ப மனு செய்தார். அவரால் தூண்டப்பெற்ற ஆஸ்திரியா தேசத்து அன்னா டெங்கல் என்ற பெண் வைத்தியம் படித்து, 1920-ல் ராவல்பிண்டிக்கு வந்து, அங்குள்ள துயரத்தைக் கண்டார். 1925-ல் வாஷிங்டன் நகரில் வைத்திய மிஷன் சகோதரிகள் சபையை ஸ்தாபித்தார். கடைசியில் 11-ம் பத்திநாதர் பாப்பரசராயிருந்த காலத்தில், 1936-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, அதாவது லூர்து மாதா திருநாளன்றே, கன்னியாஸ்திரீகள் வைத்தியமும் பிரசவ சிகிச்சையும் படித்துப் பட்டம் பெறலாமென்ற அனுமதி உரோமையிலிருந்து பிறந்தது.

நமக்குச் சமீபத்திலே குண்டூரிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவிலே டாக்டராயிருந்த மேரி குளோரி அம்மாள் 1920-ல் அங்கே வந்து, பாப்பரசரின் விசேஷ உத்தரவோடு கன்னியாஸ்திரீயாகவும் டாக்டராகவும் வெகுகாலம் உழைத்தார். 1943-ல் இந்தியக் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளின் சங்கம் அவராலே உண்டாயிற்று.

பிரியமானவர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கன்னியரிடம் பக்திக்குக் குறைவில்லை, இரக்கத்துக்கும் குறைவில்லை. இருந்தாலும் பிரசவ வேதனையில் துடிக்கிற தாயைக் காப்பாற்ற அவை மட்டும் போதவில்லை, படிப்பும் வேண்டியிருந்தது. நல்ல சமாரித்தன் உவமையைப் பாருங்கள். காயப்பட்டவனைக் கண்டு அவன் மனம் இளகியது. அதோடு அவன் நின்றுவிடவில்லை. காயத்துக்கு எண்ணெயும் திராட்ச இரசமும் இடவேண்டுமென்று தெரிந்திருந்தான், கட்டத் தெரிந்திருந்தான், சத்திரத்தில் சேர்த்து, மறுநாளைக்கு வேண்டிய பணத்தையும் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொல்லிப் போனான். அவனுடைய பிறர்சிநேகத்துக்குள்ளே அறிவும் முன்யோசனையும் அடங்கியிருந்தன.

இரண்டாவது கேள்வி: 31 வயதில் மறுபடி படிப்பது பேராசை அல்லவா?

வியாதிக்காரருக்கும் நர்ஸுகளுக்கும் பாதுகாவலராகிய அர்ச். கமில்லுஸ் யார் தெரியுமா? சூதாடித் திரிந்த ஒரு போர்ச்சேவகன். காலில் ஆறாத புண்ணோடு உரோமாபுரி ஆஸ்பத்திரியொன்றில் வந்து படுத்து, அங்கேயே வேலைக்காரனாகி, சூதாட்டத்தினால் வெளியே தள்ளப்பட்டவர். மனந்திரும்பி மீண்டும் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தபின், வியாதிக்காரர் கூலியாட்களிடம் படுகிற பாட்டைக் கண்டு வேதனைப்பட்டார். அவர்களுக்கென்று ஒரு சபை ஏற்படுத்தக் குருவாக வேண்டியிருந்தது. குருவாகப் படிப்பு வேண்டியிருந்தது. ஆகவே முப்பது வயதைத் தாண்டிய அந்த நெடிய மனிதர், சிறு பையன்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து இலக்கணம் படித்தார். 1584-ல் குருப்பட்டம் பெற்றார். வியாதிக்காரருக்காகப் படிக்க வெட்கப்படாத ஒருவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஆகையால் வயதைக் காட்டிப் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.

ஆனால் நோக்கத்தைச் சோதிக்கத்தான் வேண்டும். பணம் இதில் இல்லையென்று நான் மறைக்கமாட்டேன். அமெரிக்க சர்க்காரின் 2023-ம் வருஷக் கணக்கின்படி, பதிவு பெற்ற நர்ஸுகளின் சம்பளங்களை வரிசையாய் அடுக்கினால் நடுவில் நிற்பது வருஷத்துக்குச் சுமார் 86,000 டாலர். நர்ஸ் பிராக்டிஷனருக்கோ அது சுமார் 1,26,000 டாலர். உழைப்புக்குக் கூலி வாங்குவது பாவமல்ல. தாலந்து உவமையில் எஜமான் கோபித்துக்கொண்டது, கொடுத்ததைப் பெருக்கினவனை அல்ல, மண்ணில் புதைத்தவனையே. எனினும் சம்பளத்துக்காக மட்டும் இப்படிப்பில் இறங்குகிறவர், அங்கே தாம் சுமக்கப் போகிற பொறுப்பை நினைத்துப் பார்க்கட்டும். தப்பான மருந்தை எழுதினால் இனி, டாக்டர் சொன்னார் என்று ஒதுங்க முடியாது. கையெழுத்து அவருடையது; கணக்கும் அவரே கொடுக்கவேண்டும்.

வழியும் இலேசானதல்ல. நான்கு வருஷ நர்ஸிங் பட்டம், பதிவு நர்ஸுக்குரிய பரீட்சை, பிறகு வார்டில் அனுபவம். அதன்மேல் மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு இரண்டு மூன்று வருஷம்; நர்ஸிங் தொழிலில் டாக்டர் பட்டம் வேண்டுமானால் மூன்று நான்கு வருஷம். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் இன்னும் கூடும். நோய் உடலில் எப்படி உண்டாகி எப்படி வளருகிறது, மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது, உடலை எப்படி முறையாய்ச் சோதிப்பது என்ற மூன்றும் இப்படிப்பின் தூண்கள். இவற்றோடு, 2022-ல் அங்கே வகுக்கப்பட்ட தேசிய விதிப்படி குறைந்தது 750 மணி நேரம், அனுபவசாலிகளின் மேற்பார்வையில் வியாதிக்காரரை நேரே கவனிக்கவேண்டும். டாக்டர் பட்டத்துக்கு மொத்தம் 1,000 மணி நேரம். அப்புறம் தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை, மாநிலத்தின் அனுமதி. சான்றிதழையும் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். சேசுசபையார் ஸ்தாபித்த பாஸ்டன் காலேஜ், மார்க்வெட் சர்வகலாசாலை முதலிய கத்தோலிக்கக் கல்விச்சாலைகளிலும் இப்படிப்பு உண்டு.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது: படித்தபின் வியாதிக்காரரைத் தொடுவாளா?

இதற்குப் பதில் சொல்ல நான் தகுந்தவனல்லவென்று எண்ணி, தாயின் அனுமதியோடு அந்தப் பெண்ணிடமே டெலிபோனில் பேசினேன். "அம்மா, நீ படித்து முடித்தபின் யாரைப் பார்க்கப் போகிறாய்?" என்று ஒரே கேள்வி கேட்டேன். அவள் சற்று மௌனமாயிருந்தாள். பிறகு சொன்னாள்:

"சாமி, எங்கள் வார்டுக்கு ஒரு பெரியவர் வருவார். இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். உடம்பில் தேங்கிய நீரை இறக்க மருந்து கொடுத்துத் தேற்றி அனுப்புவோம். கைகுலுக்கிவிட்டுப் போவார். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே படுக்கையில் கிடப்பார். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு நாளில் எடை ஏறினால் நீர் தேங்குகிறதென்று அர்த்தம், உப்பைக் குறைக்க வேண்டும் என்று அவருக்கு வீட்டிலே சொல்ல ஆளில்லை. எடை ஏறின அன்றைக்கே மருந்தைக் கூட்டிக் கொடுக்கவும் ஆளில்லை. நாலாவது தடவை வந்தபோது அவர் திரும்பிப் போகவில்லை. நான் வாசலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், சாமி. அவர் விழுந்தது வாசலுக்கு அந்தப் பக்கம். நான் அங்கே போக வேண்டும். அதற்கு இந்தப் படிப்பு வேண்டும்."

இதைக் கேட்டபின் அந்தத் தாய்க்குச் சொல்ல எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சமாரித்தன், திரும்பி வருவேன் என்றானே, அந்த வார்த்தையை அல்லவா இந்தப் பெண் நிறைவேற்றப் போகிறாள்!

இந்த வழியில் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு இப்போது சில வார்த்தை.

முதலாவது, எந்தக் கிளை என்பதைச் சேருமுன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். 2008-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வகுத்த ஏற்பாட்டின்படி, பெரியவர்களைக் கவனிக்கும் பிரிவும் வயோதிகரைக் கவனிக்கும் பிரிவும் ஒன்றாக்கப்பட்டன. வாலிப வயது தொடங்கி முதுமையின் கடைசி நாள் வரைக்கும் அது ஒரே துறை. அதில் இரண்டு கிளைகள். ஒன்று, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்களோடு வருஷக்கணக்காய்க் கூடவே நடக்கிற அடிப்படைச் சிகிச்சை. மற்றது, ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஆபத்தான வேளையில் பக்கத்தில் நிற்கிற தீவிரச் சிகிச்சை. இரண்டுக்கும் பயிற்சி வேறு, சான்றிதழ் வேறு. ஒன்றைப் படித்துவிட்டு மற்றதற்குப் போக விரும்பினால் மறுபடியும் படிக்கவேண்டிவரும். உங்கள் மனம் எந்த வியாதிக்காரரிடத்தில் இளகுகிறதென்று ஜெபத்தில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கல்விச்சாலையைத் தேர்ந்தெடுக்கும்போது, "பயிற்சி கொடுக்கும் அனுபவசாலியை நீங்களே ஏற்பாடு செய்வீர்களா, அல்லது மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா?" என்று கேளுங்கள். அப்படி ஒருவரைத் தேடி அலைந்து, படிப்பு தள்ளிப்போய் வருந்துகிறவர்கள் அநேகர். நீங்கள் வேலை செய்யப் போகிற மாநிலத்தின் சட்டத்தையும் விசாரியுங்கள். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தம் சொந்தப் பொறுப்பில் வைத்தியம் செய்யலாம். மற்றவற்றில் டாக்டரோடு எழுத்து மூலமான உடன்படிக்கையோ, அவருடைய மேற்பார்வையோ வேண்டும்.

மூன்றாவது, அவசரப்படாதீர்கள். அனுபவம் அதிகம் கேளாமலே சேர்த்துக்கொள்கிற கல்விச்சாலைகளும் உண்டு. ஆனால் வார்டில் கழித்த வருஷங்கள் வீணல்ல. முகத்தின் நிறத்தைக் கண்டே ஆபத்தை அறிகிற கண், புத்தகத்தால் மட்டும் வருவதில்லை.

நான்காவது, பட்டத்தில் கவனமாயிருங்கள். டாக்டர் பட்டம் இருந்தால்தான் இவ்வேலைக்கு வரலாமென்று ஆக்கிவிட அங்குள்ள நர்ஸிங் ஆசிரியர் சங்கங்கள் 2004 முதல் முயன்று வந்தாலும், மாஸ்டர்ஸ் பட்டத்தோடும் இன்றும் வேலைக்கு வரலாம். ஆகவே கடன் வாங்கிப் பெரிய பட்டத்துக்கு ஓடுமுன் கணக்குப் பாருங்கள். அந்தப் பட்டம் பெற்றவரும் வியாதிக்காரரிடம் தாம் நர்ஸ் பிராக்டிஷனர் என்று தெளிவாய்ச் சொல்லட்டும். நம்பி வருகிற ஏழையை ஒரு பெயரினால் மயக்குவது உத்தமமல்ல.

படித்தபின் போகக்கூடிய இடங்களும் பல. ஏழைகளுக்கான சமூகச் சுகாதார நிலையம், முதியோர் இல்லம், மரணத் தறுவாயில் இருப்போரைத் தேற்றும் இல்லம், இருதய நோய், புற்றுநோய்ப் பிரிவுகள், தீவிரச் சிகிச்சை வார்டு, யுத்தத்திலிருந்து திரும்பிய பழைய சிப்பாய்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரிகள், பிறகு நர்ஸிங் ஆசிரியர் பதவி. சம்பளம் எங்கே அதிகம் என்று கேட்குமுன், ஆள் எங்கே குறைவு என்று ஒருமுறையாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடல் கடந்து போக முடியாதவர்களும் மனம் தளரவேண்டாம். நம் தேசத்திலும் இந்திய நர்ஸிங் கவுன்சில் 2016-ல் தீவிரச் சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை வகுத்தது. பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்தவர்கள், ஆஸ்பத்திரியிலேயே பணிபுரிந்துகொண்டு இரண்டு வருஷம் படிக்கும் பட்ட மேற்படிப்பு அது. அமெரிக்காவிலிருப்பது போன்ற விரிந்த அதிகாரம் இங்கே இல்லை. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

முடிவாக, பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

திண்ணையில் அழுத அந்தத் தாயிடம் நான் கடைசியாய்க் கேட்டேன்: "அம்மா, மகள் படித்தால் உங்களுக்கு உண்மையில் எது நின்றுபோகும்?" அவர் தலை குனிந்து, "மாடி கட்டிக்கொண்டிருக்கிறோம், சாமி. பாதியில் நிற்கிறது" என்றார். அதை ஒளிக்காமல் சொன்ன அவருடைய நேர்மையை நான் மெச்சுகிறேன். நம்மில் எத்தனை பேர் அவ்வளவும் சொல்வோம்? எத்தனை வீடுகளில் நர்ஸாய்ப் போன மகள், தம்பியின் படிப்பையும் தங்கையின் கலியாணத்தையும் வீட்டுக் கடனையும் ஒற்றை ஆளாய்ச் சுமக்கிறாள்? இரவு வேலை முடிந்து கால் வலியோடு வந்து படுக்கிற அவளிடம், சாப்பிட்டாயா என்று கேட்குமுன், பணம் அனுப்பினாயா என்று கேட்கிறோமே! பெற்றோரைத் தாங்குவது நான்காம் கற்பனை பிள்ளைக்கு விதிக்கும் கடமை. அது பிள்ளையைப் பணங்காய்ச்சி மரமாக்க நமக்குக் கிடைத்த உத்தரவல்ல. பிள்ளை நமக்குச் சொந்தம் என்பதற்குமுன் சர்வேசுரனுக்குச் சொந்தம்.

தேவமாதாவைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் வேதசாஸ்திரிகள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்த தம் திருக்குமாரனை மூன்று நாள் துயரத்தோடு தேடிக் கண்டார்கள். அவர் சொன்ன மறுமொழி அந்நேரம் முழுதும் விளங்கவில்லை. ஆனாலும் அதைத் தம் இருதயத்திலே வைத்துத் தியானித்தார்கள். விளங்காத போதும் தடுக்காமல் தியானிக்கிற மனம் பெற்றோருக்கு வேண்டும்.

அந்தத் தாய் அன்று ஒன்றும் பதில் சொல்லாமலே எழுந்து போனார். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் வந்து, "சாமி, மாடி மூன்று வருஷம் அப்படியே நிற்கட்டும். கம்பி துருப்பிடிக்காமல் சாந்து பூசிவிட்டோம். அந்தப் பெரியவரின் ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைக்க வேண்டும், பெயர்தான் தெரியவில்லை" என்றார். பெயர் தெரியாவிட்டாலும் சர்வேசுரனுக்குத் தெரியுமென்று சொல்லி, பூசைக் கருத்தை எழுதிக்கொண்டேன். வருகிற பிப்ரவரி 11-ந் தேதி காலைப் பூசை அந்தப் பெரியவரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படும்.

அன்று உங்களால் கூடுமானால் எல்லாரும் வாருங்கள். வரும்போது உங்கள் வீட்டு நர்ஸின் பெயரையும், எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊரின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்து பீடத்தருகே வையுங்கள். இந்த வாரத்தில் ஒருநாள் அவளோடு பேசும்போது, பணத்தைப்பற்றி ஒன்றும் கேளாமல், "இன்றைக்கு யாரைப் பார்த்தாய், அவருக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். மேலே படிக்க ஆசை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவள் சொல்வதைப் பொறுமையாய்க் கேளுங்கள்.

வியாதிக்காரருக்கு ஆரோக்கியமாகிய லூர்து மாதா, படித்த கைகளுக்கு இரக்கத்தையும், இரக்கமுள்ள இருதயங்களுக்கு அறிவையும், பெற்றோருக்குத் தாராள மனதையும் தமது திருக்குமாரனிடமிருந்து பெற்றுத் தருவார்களாக.

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் ஆசீர்வாதம் உங்கள் எல்லார்மேலும் இருப்பதாக. ஆமென்.